டிஸ்க் 100% என்று காட்டும் கணினி: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

கணினியை இயக்கிக் கடவுச்சொல்லைக் கொடுத்துப் பத்து நிமிடம் ஆன பின்பும் எதுவும் திறக்காமல், சுட்டியின் அருகே நீல வளையம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால், வைரஸ் வந்துவிட்டது என்றோ சி டிரைவ் நிரம்பிவிட்டது என்றோ பெரும்பாலோர் முடிவுகட்டிவிடுகிறார்கள். கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு வேலையில் இருக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் சிபியு 8%, ரேம் 60% என்று அமைதியாக இருக்க, டிஸ்க் என்ற பத்தி மட்டும் 100% என்று அசையாமல் நிற்கும். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டிலும் இதே நிலையைக் காணலாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டாலும், அதிலேயே இயங்கும் பழைய மடிக்கணினிகளில்தான் இந்தத் தொல்லை மிகுதி.

இதற்கு இணையத்தில் கிடைக்கும் தீர்வுகள் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே இருக்கின்றன. பின்னணியில் ஓடும் அந்தச் சேவையை நிறுத்து, இந்தச் சேவையை நிறுத்து, விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரிஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்று, முடியாவிட்டால் ஃபார்மட் செய் என்று அவை சொல்லிக்கொண்டே போகும். அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகச் செய்துகொண்டு போவது சரியான வழி அல்ல என்பது என் உறுதியான கருத்து. பழுதடைந்துகொண்டிருக்கும் ஒரு டிஸ்க்கில் அந்தப் பட்டியலைச் செய்துபார்ப்பவர் தம் கோப்புகளைக் காப்பாற்றக் கிடைத்த கடைசி சில மணி நேரங்களைச் செலவழித்துவிடக்கூடும். ஆகவே முதலில் நோய் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

100% என்பது எதன் அளவு

அந்த எண் டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்பதையோ, எவ்வளவு தரவு ஓடுகிறது என்பதையோ காட்டுவதில்லை. டிஸ்க் எவ்வளவு நேரம் ஓய்வின்றி இருந்தது என்பதே அதன் பொருள். ஒரே ஓர் எடையாளர் உள்ள நியாயவிலைக் கடையை எண்ணிப் பாருங்கள். அவர் ஒரு மணி நேரம் நிற்காமல் வேலை செய்தார் என்று சொன்னால், அந்த நேரத்தில் ஐம்பது அட்டைகளுக்குப் பொருள் கொடுத்தாரா, சாக்கு சாக்காகத் தேடித் தேடி ஐந்தே அட்டைகளுக்குக் கொடுத்தாரா என்பது நமக்குத் தெரியாது. வரிசையில் நிற்பவர்களுக்கோ அந்த வேறுபாடுதான் எல்லாமே.

மடிக்கணினிகளில் வரும் வழக்கமான ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி வினாடி ஆவதால், வேண்டிய இடம் படிக்கும் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி வினாடி காத்திருக்க வேண்டும். முனை ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்கு நகர இன்னும் பத்து, பன்னிரண்டு மில்லி வினாடி ஆகும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளைப் படிக்கச் சொன்னால், அந்த டிஸ்க்கால் வினாடிக்கு அறுபது துண்டுகளைத்தான் எடுக்க முடியும். ஒவ்வொரு துண்டும் 4 கேபி என்று கொண்டால், முழு மூச்சாக வேலை செய்தும் கிடைப்பது வினாடிக்குக் கால் எம்பிதான். அதே டிஸ்க் ஒரு பெரிய வீடியோவைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது வினாடிக்கு 100 எம்பி வரை கொடுக்கும். ஆகையால் “100% என்று காட்டுகிறது, ஆனால் வேகம் 0.3 எம்பிதான் இருக்கிறதே” என்று குழம்ப வேண்டியதில்லை, சுழலும் டிஸ்க்கின் இயல்பு அது. தட்டுக்குப் பதில் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டியில் சுழல்வதும் நகர்வதும் இல்லாததால், அதே துண்டு ஏறத்தாழ 0.1 மில்லி வினாடியில் கையில் கிடைத்துவிடும்.

எங்கே பார்ப்பது, எதைப் பார்ப்பது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் என்ற பகுதிக்குச் சென்று, இடப்பக்கத்தில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுங்கள். அவற்றின் பெயருக்குக் கீழேயே அது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்பது எழுதப்பட்டிருக்கும். வெளியே செருகிய டிஸ்க் மட்டும் 100% காட்டி, உள்ளே இருப்பது சும்மா இருந்தால், அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அந்தப் பக்கத்தில் சதவீதத்தைவிட முக்கியமானது ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்ற எண்; அதாவது ஒரு வேண்டுகோளுக்கு டிஸ்க் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் சராசரி நேரம். நல்ல ஹார்ட் டிஸ்க் சாதாரண வேலையில் 10 முதல் 30 மில்லி வினாடிக்குள் பதில் சொல்லும். நெருக்கடியில் 100, 200 வரை போவதும் உண்டு. நல்ல எஸ்எஸ்டியில் ஒன்று இரண்டு மில்லி வினாடியைத் தாண்டுவதே அரிது. இந்த எண் ஆயிரக்கணக்கில் நின்றுகொண்டு, படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் பூஜ்யத்துக்கு அருகில் கிடந்தால், அந்த டிஸ்க்கின் மீது ஐயம் கொள்ள வேண்டும்.

அடுத்து ரிசோர்ஸ் மானிட்டரைத் திறக்க வேண்டும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி அந்தப் பெயரைத் தட்டினால் கிடைத்துவிடும். அதன் டிஸ்க் பகுதியில் டிஸ்க் ஆக்டிவிட்டி என்ற அட்டவணை இருக்கிறது. எந்த நிரல், எந்தக் கோப்பை, வினாடிக்கு எத்தனை பைட்டு படிக்கிறது அல்லது எழுதுகிறது, அதற்கு எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்பதை வரிவரியாக அது காட்டும். நோய் எது என்று பிரித்துச் சொல்லும் திறன், நான் அறிந்தவரை, விண்டோஸில் வேறு எந்தத் திரைக்கும் இந்த அளவுக்கு இல்லை. இரண்டு நிமிடம் பொறுமையாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூன்று காட்சிகளில் ஒன்று தெரியும்.

ஏதோ ஒரே நிரல் மேலே நின்றுகொண்டு வினாடிக்குப் பல எம்பி படித்தாலோ எழுதினாலோ, குற்றம் அந்த நிரலுடையது. சிஸ்டம் என்ற பெயரில் உள்ள வரிகளில், ரேமில் இடம் இல்லாதவற்றை விண்டோஸ் வைக்கும் பேஜ் ஃபைல் என்ற கோப்பே திரும்பத் திரும்ப வந்தால், ரேம் போதவில்லை. இவை இரண்டும் இல்லாமல், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்துப் பதினைந்து நிரல்கள் ஒவ்வொன்றும் ஒரு துளி தரவைக் கேட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் எதிரே 2000, 5000 என்று மில்லி வினாடிகள் நின்றால், நிரல்களைக் குறைசொல்லிப் பயனில்லை. டிஸ்க்கோ, அதன் கேபிளோ, அதை இயக்கும் டிரைவரோ பழுது.

கணினி இயங்கத் தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில் எடுக்கும் எந்த அளவும் சான்றாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் ஹார்ட் டிஸ்க் உள்ள எந்தக் கணினியும் 100% தொடுவது வழக்கம்தான். பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு, பிரவுசர் முதலியவற்றைத் திறக்காமல் ஒருமுறையும், வழக்கமான வேலையைத் தொடங்கிய பின் ஒருமுறையும் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மேலும், விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஷட் டவுன் கொடுப்பது முழுமையாக அணைப்பது ஆகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி, இயங்குதளத்தின் கருப்பகுதியை டிஸ்க்கில் சேமித்து வைத்து மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் ஷட் டவுன் மட்டுமே செய்துவந்தவர்கள் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்த பிறகு அளந்து பார்ப்பது நல்லது.

எதையும் தொடுவதற்கு முன் டிஸ்க்கின் உடல்நிலை

என் அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய மடிக்கணினி மூன்றாம் ஆண்டில் மிகவும் தளர்ந்துபோனது. பழுதுபார்க்கும் கடையில் கொடுத்து ஃபார்மட் செய்து வாங்கினார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடி, இரண்டாம் வாரம் பழையபடி ஆகிவிட்டது. அவள் அதை என்னிடம் கொண்டுவந்தபோது, விசைப்பலகைக்கு இடப்பக்கம் காதை வைத்துக் கேட்டேன். டிஸ்க்கின் சீரான இரைச்சலுக்கு நடுவே, சில வினாடிகளுக்கு ஒருமுறை மெல்லிய “டிக்” என்ற ஓசை வந்தது. அது வரும்போதெல்லாம் திரையும் உறைந்து நின்றது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலை நிறுவிப் பார்த்தால், வழக்கமாக நீல நிறத்தில் வரும் கட்டம் மஞ்சளாக இருந்தது. அவளுடைய இறுதியாண்டு ஆய்வுத்திட்டம் முழுவதும் அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருந்தது. வேறெங்கும் நகல் இல்லை. அன்று மாலை வேறு எதையும் செய்யாமல் அந்தக் கோப்புறையை மட்டும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தோம். 3 ஜிபி கோப்புகளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. டிஸ்க் 100% என்று யார் சொன்னாலும், சேவைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் நான் டிஸ்க்கின் நிலையைக் கேட்பது அந்த நாளிலிருந்துதான்.

ஒவ்வொரு டிஸ்க்கும் ஸ்மார்ட் என்ற பெயரில் தன் உடல்நிலைக் குறிப்பைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. மேற்சொன்ன நிரல் அதைப் படித்துக் காட்டும். அதில் உள்ள பல வரிகளில் நான்கை மட்டும் பார்த்தால் போதும். 5 என்ற எண்ணுள்ள வரி, கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகளின், எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். 198, சரிசெய்ய முடியாதவை என்று டிஸ்க் கைவிட்டவை. 199, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போகும் வழியில் நேர்ந்த பிழைகள். அந்த நிரல் முதல் மூன்று வரிகளையும் பதின்அறும (16-ஐ அடிப்படையாகக் கொண்ட) எண் குறியில், அதாவது 5, சி5, சி6 என்றும் நான்காவதைச் சி7 என்றும் காட்டும். வலப்பக்கம் உள்ள மூல மதிப்பையும் அதே குறியில்தான் காட்டும்; விருப்பத் தெரிவுகளில் அதைப் பத்தடிமான எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

இவற்றில் கணினியை நேரடியாக உறைய வைப்பது 197. ஒரு செக்டரைப் படிக்க முடியாதபோது வீட்டு உபயோக ஹார்ட் டிஸ்க் உடனே தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. மீண்டும் மீண்டும் முயன்று பல வினாடிகளை அதிலேயே கழிக்கும். அந்த நேரம் முழுவதும் மற்ற எல்லா வேண்டுகோள்களும் வரிசையில் காத்துக் கிடக்கும். டாஸ்க் மேனேஜரில் 100%, வேகம் பூஜ்யம். ஃபார்மட் செய்த பிறகு சில நாள் நன்றாக இருந்ததற்கும் காரணம் இதுதான். கோப்புகள் புதிய இடங்களில் எழுதப்பட்டதால் பழுதான பகுதியைத் தொட வேண்டிய தேவை அப்போது ஏற்படவில்லை.

197, 198 ஆகிய இரண்டில் எது பூஜ்யத்தைத் தாண்டியிருந்தாலும், அல்லது 5 என்ற வரியின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனாலும், செய்ய வேண்டியது ஒன்றுதான். ஈடுசெய்ய முடியாத சிறிய கோப்புகளை முதலில், பிறகு படங்களை, கடைசியாகப் பெரிய வீடியோக்களை என்ற வரிசையில் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அது முடியும்வரை, சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் வேலையைச் செய்யாதீர்கள். பழுதான செக்டர்களைத் தேடித் திருத்தும் செக் டிஸ்க் சோதனையையும் ஓட்டாதீர்கள். அந்தச் சோதனை டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் போய்ப் படிக்கும். ஓரளவு பிழைத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அதுவே முடித்துவிடலாம். டிக் டிக் என்ற ஓசை விடாமல் வந்தால், உள்ளே இருப்பவை உங்களுக்கு விலைமதிப்பற்றவை என்றால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பில் பழகியவர்களிடம் கொடுங்கள்.

199 மட்டும் ஏறுவது நல்ல செய்தி. கணக்கெழுதும் அலுவலகம் ஒன்றில் மேசைக் கணினி ஒன்று மாதக்கணக்கில் திணறிக்கொண்டிருந்தது. டிஸ்க்கை மாற்றியும் குணமாகவில்லை என்றார்கள். பெட்டியைத் திறந்தால், டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள் கூர்மையாக மடிக்கப்பட்டு, மின்விசிறியில் படாமல் இருக்க ரப்பர் வளையத்தால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. புதிய கேபிளை மாற்றியதும் அந்த எண்ணிக்கை அதற்குமேல் ஏறவில்லை. கணினியும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. இந்த எண்ணிக்கை குறையவே குறையாது. ஏறாமல் நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எஸ்எஸ்டிக்கு இந்த வரிகள் வேறு மாதிரி இருக்கும். எஞ்சியிருக்கும் ஆயுளைச் சதவீதமாகக் காட்டும் ஒரு வரியே அங்கு முக்கியம். விண்டோஸ் 11-இல், என்விஎம்இ என்ற விரைவான வகை எஸ்எஸ்டியாக இருந்தால், செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் வழியாக டிஸ்க்கின் பண்புகளுக்குச் சென்றாலே இந்த விவரம் கிடைத்துவிடும்.

ரேம் போதாமை

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி ரேம் என்று சொல்லப்படுகிறது. நிறுவ முடியும் என்பதே அதன் பொருள். சுகமாக வேலை செய்ய முடியும் என்பது அல்ல. 4 ஜிபி உள்ள கணினியில் பிரவுசரில் பத்துத் தாவல்களைத் திறந்தால், இடம் போதாமல், அப்போதைக்குத் தேவைப்படாத பகுதிகளை விண்டோஸ் டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்கு எடுத்துப்போகும். நீங்கள் அந்தத் தாவலுக்குத் திரும்பும்போது மறுபடியும் எடுத்துவரும். இந்தப் போக்குவரத்து ஹார்ட் டிஸ்க்கில் நடந்தால் என்ன ஆகும் என்பதை மேலே கண்ட கணக்கே சொல்லும். ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி பகுதியில் ஹார்ட் ஃபால்ட்ஸ் என்ற பத்தியைப் பாருங்கள். அவ்வப்போது சில எண்கள் தோன்றி மறைவது இயல்பு. வினாடிக்கு நூற்றுக்கணக்கில் விடாமல் நின்றால் ரேம் போதவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

பேஜ் ஃபைலை நிறுத்திவிட்டால் டிஸ்க் அமைதியாகிவிடும் என்று ஒரு யோசனை உலவுகிறது. அதைச் செய்யாதீர்கள். இடம் போதாத நேரத்தில் நிரல்கள் சேமிக்காத வேலையோடு மூடிக்கொள்ளும். அதன் அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிட்டு, தேவையைக் குறைக்க வேண்டும். பிரவுசரின் மெமரி சேவர் வசதியை இயக்குங்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியில், தாக்கம் ஹை என்று குறிக்கப்பட்டிருப்பவற்றில் உங்களுக்குத் தினமும் தேவைப்படாதவற்றை முடக்குங்கள். அதே டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டுகளில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்றும் இருக்கும். ஒன்று காலியாக இருந்தால் இன்னொரு ரேம் பலகையைச் சேர்க்கலாம். டிடிஆர்3-ஆ, டிடிஆர்4-ஆ என்பதை உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் பொருந்தாது.

டிஸ்க்கும் ரேமும் நலமாக இருந்தால் விண்டோஸின் பின்னணி வேலைகள்

இப்போதுதான் அந்தப் பட்டியலுக்கு வருகிறோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதைச் செய்த பின் ஒரு நாள் கவனிப்பு, பயன் இல்லாவிட்டால் பழையபடி திருப்பி வைத்தல் என்ற ஒழுங்கை இங்கே கைவிடக் கூடாது. ஆறு மாற்றங்களை ஒரே மாலையில் செய்தவருக்கு எது குணப்படுத்தியது என்பதும் தெரியாது, எது புதிய தொல்லையைக் கொண்டுவந்தது என்பதும் தெரியாது.

விண்டோஸ் அப்டேட் வேலையில் இருக்கும்போது விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர் என்ற பெயர் மேலே நிற்கும். மாதக்கணக்கில் அணைந்து கிடந்த கணினியில் அது சில மணி நேரம்கூட ஓடலாம். அதைப் பாதியில் நிறுத்துவதைவிட, மின்னிணைப்பில் போட்டு ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுவது மேல். காலையில் ரீஸ்டார்ட் கொடுத்த பிறகு பாருங்கள். பாதியில் வலிந்து அணைப்பவர்கள் ஒவ்வொரு நாளும் அதே வேலையை முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்கள்.

ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்சிக்யூட்டபிள் என்று தெரிவது விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர். அதை நிறுத்த வேண்டாம். முழுச் சோதனையை டாஸ்க் ஷெட்யூலர் வழியாக நீங்கள் கணினியைப் பயன்படுத்தாத நேரத்துக்கு மாற்றலாம். வேறொரு ஆன்டிவைரஸ் நிரலையும் நிறுவியிருந்தால், ஒவ்வொரு கோப்பையும் இருவர் சோதிக்கும் நிலை ஏற்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை முறைப்படி நீக்குங்கள்.

சர்ச் இண்டெக்ஸர், கோப்புகளைத் தேட உதவும் அட்டவணையைத் தயாரிப்பது. புதிதாக விண்டோஸ் நிறுவிய பின்போ, ஆயிரக்கணக்கான படங்களை ஒரேயடியாக ஏற்றிய பின்போ அது கடுமையாக உழைக்கும். நீங்கள் வேலை செய்யும்போது பெரும்பாலும் தானே ஒதுங்கியும் நிற்கும். வாரக்கணக்கில் அது ஓயாவிட்டால், இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் தேவையற்ற கோப்புறைகளை நீக்குங்கள்; அப்படியும் ஓயாவிட்டால் அட்டவணையை ரீபில்ட் செய்யுங்கள்.

சிஸ்மெயின் என்பது, முன்பு சூப்பர்ஃபெட்ச் என்று அழைக்கப்பட்டு, விஸ்டாவிலிருந்து தொடர்ந்து வரும் சேவை. நீங்கள் வழக்கமாகத் திறக்கும் நிரல்களை முன்கூட்டியே ரேமுக்குக் கொண்டுவந்து வைப்பது அதன் பணி. ரேம் குறைந்த, ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிகளில் அந்த முன்னேற்பாடே சுமையாகிவிடுவதுண்டு. சர்வீசஸ் பக்கத்தைத் திறந்து அதன் மீது வலப்பொத்தானைச் சொடுக்கி ஸ்டாப் கொடுங்கள்; அடுத்த ரீஸ்டார்ட் வரை மட்டுமே அது நிற்கும். அந்த இடைவெளியில் உண்மையாகவே வேறுபாடு தெரிந்தால் மட்டும் டிசேபிள்ட் என்று மாற்றுங்கள். பல கணினிகளில் வேறுபாடு தெரிவதில்லை என்பதே என் அனுபவம். ஒன்டிரைவ் போன்றவை ஒத்திசைத்துக்கொண்டிருந்தால் இரண்டு மணி நேரம் பாஸ் செய்து பார்த்தாலே போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் அறியாத ஒரு நிரல் உங்கள் ஆவணங்கள், படங்கள் கோப்புறைகளில் வரிசையாக எழுதிக்கொண்டே போவதையும், கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் புதிய ஒட்டுகள் முளைத்திருப்பதையும் கண்டால், உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன என்று கொள்ளுங்கள். அந்த நொடியே வைஃபையைத் துண்டித்து, செருகியிருக்கும் வெளி டிஸ்க்குகளைக் கழற்றி, கணினியை அணைத்துவிடுங்கள்.

எஸ்எஸ்டியில் 100% வந்தால் முதலில் காலியிடத்தைப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு நிரம்பிய எஸ்எஸ்டி, எழுதுவதற்கு இடம் ஒழிக்கவே நேரம் செலவிடும். மலிவான வகைகளில், பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது விரைவாக எழுதுவதற்கென உள்ள சிறு பகுதி நிரம்பியதும் வேகம் சில பத்து எம்பிக்கு இறங்கிவிடும். முன்னதற்கு இடம் ஒழிப்பதே மருந்து. பின்னது பழுது அல்ல, நகல் முடிந்ததும் தானே சரியாகிவிடும்.

டிரைவர் பிழை

ஸ்மார்ட் குறிப்புகள் சுத்தமாக இருந்தும், எந்த நிரலும் மிகுதியாகக் கேட்காமல் இருந்தும், ரெஸ்பான்ஸ் டைம் மட்டும் ஆயிரக்கணக்கில் நின்றால், விண்டோஸின் நிகழ்வுக் குறிப்புகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்ற பகுதியில் 129 என்ற எண்ணுள்ள பதிவுகளைத் தேடுங்கள். டிஸ்க்குக்கு ரீசெட் கொடுக்கப்பட்டது என்று அது சொல்லும். டிஸ்க்கைக் கட்டுப்படுத்தும் சில ஏஹெச்சிஐ கன்ட்ரோலர்களின் ஃபர்ம்வேரில், அதாவது உள்நிரலில், உள்ள பிழையால், விண்டோஸ் 10-உடன் வரும் பொது டிரைவர் எம்எஸ்ஐ என்ற குறுக்கீட்டுச் செய்தி முறையில் இயங்கும்போது வேண்டுகோள்கள் முடிவடையாமல் தொங்கி, இந்த நிலை ஏற்படுவதை மைக்ரோசாஃப்ட்டே ஆவணப்படுத்தியிருக்கிறது. கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பயாஸையும் (மதர்போர்டின் அடிப்படை நிரல்) சிப்செட் டிரைவரையும் புதுப்பிப்பது முதல் படி. அதிலும் தீராவிட்டால் ரிஜிஸ்ட்ரியில் அந்தக் கன்ட்ரோலருக்கு எம்எஸ்ஐ முறையை நிறுத்த வேண்டும். அதைப் பழகியவர் உடனிருக்கச் செய்வது நல்லது. ஈவென்ட் வியூவரின் அதே பகுதியில் 7 என்ற எண் வந்தால் பழுதான செக்டர் என்று பொருள். அப்போது மேலே சொன்ன நகலெடுக்கும் வேலைக்கே திரும்புங்கள்.

ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுதல்

ரேம் வாங்குவதா, எஸ்எஸ்டி வாங்குவதா, இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, விண்டோஸ் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில் என்றால் எஸ்எஸ்டியையே முதலில் வாங்கச் சொல்வேன். ரேம் போதாமல் பேஜ் ஃபைலுக்குப் போனாலும் அந்தப் போக்குவரத்து அங்கே பலமடங்கு விரைவாக முடிந்துவிடும். 1 டிபி கொள்ளளவுள்ள மெல்லிய மடிக்கணினி டிஸ்க்குகள் பலவற்றில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி எழுதப்படுவதால், ஓரிடத்தை மாற்றி எழுதப் பக்கத்துத் தடங்களையும் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. அத்தகைய டிஸ்க்கை எந்தச் சேவையை நிறுத்தியும் விரைவுபடுத்த முடியாது.

வாங்கும் முன் மடிக்கணினியின் கையேட்டைப் பாருங்கள். பழையவற்றில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி அப்படியே பழைய டிஸ்க்கின் இடத்தில் உட்காரும். சிறு பலகை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் இருந்தால், அது சாட்டா வகையை ஏற்கிறதா, என்விஎம்இ வகையை ஏற்கிறதா என்பதை உறுதிசெய்யாமல் வாங்காதீர்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டு, அதாவது சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டு, இருக்கிறதா என்றும் பாருங்கள். பல விண்டோஸ் 11 மடிக்கணினிகளில் அது தானாகவே இயங்கியிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் பயாஸையோ டிஸ்க்கையோ தொட்டால், உங்கள் கோப்புகளுக்கு வெளியே நீங்களே நிற்க நேரிடும்.

பழைய டிஸ்க் நலமாக இருந்தால், யுஎஸ்பி அடாப்டரில் எஸ்எஸ்டியைச் செருகிக் குளோன், அதாவது டிஸ்க்கின் முழு நகல், செய்துகொள்ளலாம். எஸ்எஸ்டி சிறியதாக இருந்தால், பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷனை அதற்குள் அடங்கும்படி முதலில் சுருக்க வேண்டியிருக்கும். பழைய டிஸ்க்கில் 197, 198 ஏறியிருந்தால் குளோன் வேண்டாம். படிக்க முடியாத கோப்புகளின் சிதைவு புதிய டிஸ்க்குக்கும் வந்து சேரும். எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக நிறுவி, ஆவணங்களை மட்டும் நகலெடுங்கள். டிஜிட்டல் உரிமம் மதர்போர்டுடன் பிணைக்கப்பட்டிருப்பதால், அதே பதிப்பை நிறுவினால் இணையத்தில் இணைந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

மாற்றிய பிறகு, முன்பு தாளில் குறித்துவைத்த அதே சூழலில், அதே வேலையோடு, ரெஸ்பான்ஸ் டைமை மறுபடியும் பாருங்கள். பழைய டிஸ்க்கை ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருங்கள். நகலெடுக்க மறந்த ஏதோ ஒரு கோப்பு அந்த மாதத்துக்குள்தான் நினைவுக்கு வரும். அதன் பிறகு, பழுதில்லாத டிஸ்க்காக இருந்தால் வெளிப்பெட்டியில் போட்டு நகல்களுக்குப் பயன்படுத்தலாம். காத்திருக்கும் செக்டர்கள் ஏறிய டிஸ்க்கை, பெரியதாக இருக்கிறதே என்று நகல்களுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய இரும்புக்குப் போடுவதாக இருந்தாலும், அதில் இருப்பவை உங்கள் வங்கிக் கணக்குத் தாள்களும் குடும்பப் படங்களும் என்பதால், முழுவதும் அழித்துவிட்டோ தட்டுகளை உடைத்துவிட்டோ போடுங்கள்.